வேலி கடக்கும் அலையும் வேலி காணாச் சட்டமும்

தீவுப்பகுதிக் காணி உறுதியொன்றைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். பரப்பும் குழியும் சொல்லி, நாற்றிசை எல்லையும் சொல்லி முடித்த பின்னரும் நொத்தாரிசு பேனாவை மூடுவதில்லை. அயற்காணியில் உள்ள கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, அக்கிணற்றுக்குப் போய்வரும் வழி, நீர் ஓடும் வாய்க்கால் என்பனவும் உரிமைகளாக எழுதப்பட்டிருக்கும். நன்னீர் அரிதான மண்ணில் வாழ்ந்த நம் முன்னோர், ஒருவர் பொருளை அயலவர் நுகரும்போது என்றோ ஒருநாள் வழக்கெழும் என்பதை அறிந்தே அவ்வாறு எழுதிவைத்தனர்.

இன்று அதே வளவுகளில் வேறொரு கிணறு தோன்றியிருக்கின்றது. அதற்குத் துலாவும் இல்லை, கட்டும் இல்லை. ஓலைக்கூரையின் கீழோ ஓட்டுக்கூரையின் கீழோ சுவரில் மாட்டிய சிறு பெட்டி. அதில் மினுங்கும் பச்சை விளக்கு. வெளிநாட்டிலுள்ள மகனோ மகளோ மாதந்தோறும் அனுப்பும் பணத்தில் அது இயங்குகின்றது. அதிலிருந்து புறப்படும் வைபை அலை, வேலணையின் கிடுகு வேலியையும் நெடுந்தீவின் பவளக்கல் வேலியையும் ஒருசேரக் கடந்து அடுத்த வளவுக்குள் புகுந்துவிடுகின்றது. பெட்டிக்குரியவர் கடவுச்சொல் இட்டுப் பூட்டாதிருப்பின், அயல் வீட்டுப் பையனின் கைப்பேசி யாரையும் கேளாமலே அதிற் போய் ஒட்டிக்கொள்கின்றது. அவ்வாறு ஒட்டிக்கொள்வது இலங்கைச் சட்டத்தின்படி குற்றமா? குற்றமாயின் யார் செய்த குற்றம்?

இது கொழும்பிலுள்ள அப்புக்காத்துமார் பொழுதுபோக்காகப் பேசவேண்டிய கேள்வி என்று எவரும் எண்ணவேண்டாம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம்; அதன்பின் யாழ்ப்பாணம் வரை பேருந்து. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒரு படிவத்தை நிரப்புவதற்கு ஒரு நாட்கூலியை இழக்கும் மக்களுக்கு, அயல் வீட்டு அலை வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் யாவும் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்த நாட்களை நினைவிற் கொள்ளுங்கள். மலைநாட்டிலே பிள்ளைகள் அலை தேடிக் குன்றேறினர், மரமேறினர். ஏறுவதற்குக் குன்றில்லாத நம் தீவுகளிலே, அலை உள்ள வீட்டின் மதிலோரம்தான் புகலிடம். அந்தப் பிள்ளைகளைக் குற்றவாளிகள் என்று சொல்லத் துணிபவர் யார்? ஆயினும் சட்டத்தின் எழுத்து அப்படித்தான் சொல்லக்கூடும் என்பதே இங்கு நாம் எடுத்துக்காட்ட விரும்புவது.

முதலிற் பழைய சட்டத்தைப் பார்ப்போம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, களவு என்பதற்குத் தரும் வரைவிலக்கணம் அசையும் பொருளை ஒருவரின் உடைமையிலிருந்து அவர் சம்மதமின்றி நேர்மையீனமாக நகர்த்துவது என்பதாகும். அலையை யார் நகர்த்தினார்? அதுவே நகர்ந்து வந்தது. அத்துமீறல் என்று சொல்லலாமெனின், அதற்குப் பிறர் காணிக்குள் நுழைந்திருத்தல் வேண்டும். பையனோ தன் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றான். ஆகவே விக்ரோறியா மகாராணியார் காலத்துச் சட்டத்தில் அவன் அகப்படமாட்டான்.

நம் தேசவழமையோ இதற்கும் முந்தியது. 1707இல் ஒல்லாந்தர் அதனைத் தொகுப்பித்தபோது, ஒருவன் நட்ட கனிமரம் சாய்ந்து அயலவன் காணியின் மேல் வளர்ந்தால் கனி யாருக்கு என்ற கேள்விக்கும் விடை எழுதப்பட்டது. சில மரங்களை விலக்கி, ஏனையவற்றின் பலன் நட்டவனுக்கே என்பது அவ்விடை. நிழல் நம் முற்றத்தில் விழுகின்றது என்பதனாற் கனி நமதாகிவிடாது. அலைக்கும் இது பொருந்தும் என்றே நாம் கருதுகின்றோம். காற்றில் வந்தது யாவர்க்கும் பொது என்று வாதிடுபவர்கள், தங்கள் மாமரக் கொப்பு வேலிக்கு அப்பால் நீண்டிருக்கும்போது அதே வாதத்தை ஏற்பார்களா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். பத்தாண்டு தடையின்றி நடந்த ஒழுங்கைக்கு வழியுரிமை கோரலாம் என்பதை அறிந்த ஒருவர், பத்தாண்டு நுகர்ந்த வைபைக்கும் அவ்வாறு கோரலாமோ என்று வேடிக்கையாகக் கேட்கவுங்கூடும். எந்த நீதவானும் சிரிப்பாரேயன்றிக் கட்டளை தரமாட்டார்.

இனி இற்றைநாட் சட்டத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்வது இதுதான்: தனக்குச் சட்டப்படியான அதிகாரம் இல்லை என்று அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருக்கவோ, ஒருவர் ஒரு கணினியை அணுகும் நோக்கத்தோடு வேண்டுமென்றே ஒரு செயலைச் செய்வாராயின் அவர் குற்றவாளி. தண்டம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதது, அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கணினி என்றால் என்ன? தகவலைக் கையாளும் ஆற்றலுடைய மின்னணுக் கருவி எதுவும் கணினியே என்கின்றது அதே சட்டம். அவ்வாறாயின் சுவரில் மினுங்கும் அந்தப் பெட்டியும், அதாவது றவுட்டரும், கணினியே. அதனோடு இணைவது அணுகுதலே. மதிலோரம் குந்தியிருந்த பிள்ளைக்கும், வங்கிக் கணக்கை உடைக்க வந்த கள்வனுக்கும் வாசல் ஒன்றாகிவிட்டது.

றவுட்டர் கணினியா என்று கேட்பது சொற்சிலம்பம் என்று தோன்றலாம். ஆனால் தேசவழமையைத் தொகுப்பித்த அதே ஒல்லாந்தரின் நாட்டிலே இக்கேள்வி உயர்நீதிமன்றம் வரை சென்றது. பள்ளியொன்றுக்கு மிரட்டல் விடுத்த மாணவன் அதற்கு அயலவரின் வைபையைப் பயன்படுத்தியிருந்தான். 2011இல் ஹேக் நகர மேன்முறையீட்டு மன்று, மிரட்டலுக்கு அவனைத் தண்டித்தது. றவுட்டரைக் கணினி என்று கொள்ளமுடியாது என்று கூறி, இணைப்புள் நுழைந்த குற்றத்திலிருந்து விடுவித்தது. 2013இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அக்கருத்தைத் தள்ளிவிட்டது. நம் சட்டத்தின் வரைவிலக்கணமோ அத்தகைய ஐயத்துக்கே இடம் வையாத அளவு அகன்றது.

ஆகவே எல்லாம் அதிகாரம் இல்லை என்று அறிந்தோ என்ற சொற்களிலேயே தொங்குகின்றது. இங்குதான் நமது பலமும் இருக்கின்றது, இடரும் இருக்கின்றது. நயினாதீவில் திருவிழாக் காலத்தில், யாத்திரிகர் வரட்டும் என்று கடைக்காரர் வேண்டுமென்றே தம் இணைப்பைத் திறந்துவைப்பாராயின் அது தண்ணீர்ப்பந்தல் போன்றது; எவரும் அருந்தலாம். முதியவர் ஒருவர், பெட்டியைப் பொருத்த வந்தவன் எப்படி விட்டுச்சென்றானோ அப்படியே விட்டிருப்பாராயின், அது படலை சாத்த மறந்த வீடு. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. கைப்பேசித் திரையில் இரண்டுமே பூட்டில்லாப் பெயர்களாகத்தான் தோன்றும். எது பந்தல், எது மறந்த படலை என்று பதினைந்து வயதுப் பிள்ளை எவ்வாறு அறியும்? அறிந்திருக்கக் காரணம் இருந்தது என்று வழக்குத் தொடுப்பவர் வாதிட்டால், அப்பிள்ளையின் பெற்றோர் எந்த அப்புக்காத்திடம் போவர், எந்தக் காசில் போவர்?

சம்மதத்தோடு கொடுப்பவரும் தப்பிவிடவில்லை. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, சேவையொன்றை அணுகுவதற்கு உதவும் தகவல் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க, அதனை அதிகாரமின்றியோ ஒப்பந்தத்தை மீறியோ பிறருக்கு வெளியிடுவதைக் குற்றமாக்குகின்றது. இணைப்பை வீட்டாருக்கு வெளியே பகிரலாகாது என்ற விதி, சந்தாதாரர் படியாமற் கையொப்பமிட்ட ஆங்கிலப் படிவத்தின் பொடியெழுத்தில் இருக்குமாயின், இரங்கிக் கடவுச்சொல் சொன்ன ஆசிரியையும் அப்பிரிவுக்குள் இழுக்கப்படலாம். இதுகாறும் அப்படி எவரும் இழுக்கப்பட்டார் என்று நாம் சொல்லவில்லை. இழுக்கக்கூடிய கயிறு சட்டத்திற் கிடக்கின்றது என்றே சொல்கின்றோம். வடபுலத்து மக்களாகிய நமக்கு, கிடக்கும் கயிறுகளைப் பற்றி அஞ்சுவதற்கு அநுபவம் கற்பித்திருக்கின்றது.

இவ்வளவும் சொல்லியதனால், கேளாமல் எடுப்பதை நாம் நியாயப்படுத்துகின்றோம் என்று கொள்ளவேண்டாம். தீவுவாசி எவர்க்கும் ஊற்றுக் கிணற்றுக்கும் தாங்கிக்கும் உள்ள வேறுபாடு தெரியும். ஊற்றுக் கிணற்றில் ஒருவர் ஒரு வாளி அள்ளினால் அடுத்த நாட் காலையில் நீர் ஊறிவிடும். எவரும் முகம் சுளிப்பதில்லை. பவுசரில் வந்து தாங்கியில் நிரப்பிய நீரோ அள்ள அள்ளக் குறையும், அடுத்த பவுசர் வரும்வரை குறைந்தே இருக்கும். மேலைநாட்டு எழுத்தாளர் சிலர், அயலவர் வைபையை நுகர்வதால் எவருக்கும் இழப்பில்லை என்று வாதிடுகின்றனர். அவர்கள் அளவில்லா இணைப்பு என்னும் ஊற்றுக் கிணற்றின் அருகிலிருந்து எழுதுகின்றனர். நம் நாட்டிலே பெரும்பாலான வீட்டு இணைப்புகள் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து ஊற்றிய தாங்கிகள். பக்கத்து வீட்டு இளைஞன் இரவு முழுவதும் திரைப்படம் பார்த்தால், இருபதாந் தேதிக்குப் பின் அந்தக் கிழவி கனடாவிலுள்ள பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது போகும். இது இழப்பு இல்லையெனில் வேறெது இழப்பு? எனினும் அந்த இழப்புக்குத் தக்க பரிகாரம் காசு. ஐந்தாண்டுச் சிறை அன்று.

பிறநாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன? 2005இல் மேற்கு இலண்டனிலே, அயலாரின் இணைப்பைக் கேளாமற் பயன்படுத்திய ஒருவருக்கு ஐசல்வேர்த் நீதிமன்றம் 500 பவுண் தண்டம் விதித்தது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் சிங்கப்பூரிலே, அயலவர் முறையிட்டதன் பேரிற் பதினேழு வயது இளைஞன் ஒருவன்மேல் வழக்குத் தொடரப்பட்டு, 2007 சனவரியில் பதினெட்டு மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டான். அதே ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சிற்றுண்டிச்சாலை வாடிக்கையாளர்க்கென விட்ட அலையைக் காரிலிருந்தபடி நுகர்ந்தவருக்குத் தண்டமும் சமூகப் பணியும் கிடைத்தன. தம் அலை களவுபோகின்றது என்று அச்சாலையார் முறையிடவேயில்லை. பொலிசார்தாம் சட்டப்புத்தகத்தைத் தேடிப் பிரிவைக் கண்டுபிடித்தனர். ஜேர்மனியிலே வூப்பெற்றால் நகரக் கீழ்மன்று 2007இல் இதனைக் குற்றமென்றது. அந்நகர மேல்மன்று 2010இல் குற்றமன்று என்றது. கற்றறிந்த நீதிபதிகளே ஒரே ஊரில் இரண்டு விதமாகச் சொல்லும் விடயத்தை, அனலைதீவு மாணவன் ஐயமற அறிந்திருக்கவேண்டும் என்று நம் சட்டம் எதிர்பார்க்கின்றது!

ஜேர்மனியிலிருந்து நாம் கற்கவேண்டியது வேறொன்று. 2010 மே மாதம் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம், இணைப்பைப் பூட்டாது விட்டவர், அதன்வழி வேற்றார் செய்த பதிப்புரிமை மீறலுக்காக ஓரளவு பொறுப்பேற்க வேண்டுமென்று தீர்த்தது. அதன் விளைவாகக் கடைகளும் வீடுகளும் அஞ்சிக் கதவடைத்தன. பொது வைபை அந்நாட்டில் வளராது குன்றியது. ஈற்றில் 2017இற் சட்டத்தையே திருத்தி, திறந்துவைத்தவர் தலைமேலிருந்த அச்சத்தை நீக்கவேண்டியதாயிற்று.

இந்தப் பொறுப்பென்னும் விடயந்தான் நம் பகுதிக்கு மிக நெருங்கிய ஆபத்து. வைபை வழியாகச் செல்லும் செய்தி எதுவாயினும், வெளியுலகுக்குத் தெரிவது சந்தாதாரரின் முகவரி ஒன்றே. வேலிக்கு அப்பாலிருந்து எழுதியவன் யார் என்பது வெளியே தெரியாது. 2008 யூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னர் செய்தி நிலையங்களுக்கு வந்த மின்னஞ்சல், மும்பாயை அடுத்த நவி மும்பாயில் வாழ்ந்த ஓர் அமெரிக்கரின் பூட்டப்படாத இணைப்பிலிருந்து அனுப்பப்பட்டிருந்தது. அவருக்கும் அக்கொடுமைக்கும் தொடர்பில்லை. ஆயினும் பொலிசார் முதலில் ஏறியது அவர் வாசற்படியில்தான். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைபை இணைப்புகள் பாதுகாக்கப்படவேண்டுமென்று பணிப்புரை விடுத்தது.

அவர் அமெரிக்கர், அவருக்குப் பின்னால் ஒரு வல்லரசு இருந்தது. புங்குடுதீவில் தனியே வாழும் ஒரு கைம்பெண்ணுக்குப் பின்னால் யார் இருக்கின்றார்? தற்காலிகமென்று சொல்லி 1979இல் இயற்றப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், 2020, 2021ஆம் ஆண்டுகளில் முகநூலில் நினைவேந்தற் பதிவு இட்டதற்காகத் தமிழ் இளைஞர் கைதுசெய்யப்பட்டனர். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அதன்மேல் இன்னொரு சுமை. அயல் வீட்டு இளைஞன் உணர்ச்சிவசப்பட்டு எழுதிய ஒரு வரிக்காக, அலை தந்த வீட்டுக்காரி ஊர்காவற்றுறைப் பொலிசு நிலையத்தின் வாங்கில் அமரவேண்டி வரலாம். நாங்கள் எழுதவில்லை என்று எவ்வாறு நிறுவுவாள்? இதனை நினைக்கும்போது, எம் வீட்டு அலை யாவர்க்கும் திறந்திருக்கட்டும் என்னும் பெருந்தன்மையை வாழ்த்த நமக்கு மனம் வருகின்றது. ஊக்க வாய் வரவில்லை.

எனவே இணைப்புடையோர்க்கு நாம் சொல்வது: பெட்டியைப் பூட்டுங்கள், பூட்டியபின் கொடுங்கள். விருந்தினர்க்கென வேறொரு பெயரும் கடவுச்சொல்லும் அமைக்கும் வசதி பெரும்பாலான றவுட்டர்களில் உண்டு. அதனை அமைத்து, அயற்பிள்ளைகளின் பெயரறிந்து, நேரமும் அளவும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் இணைப்பு விதிகள் அதற்கு இடமளிக்கின்றனவா என்று நிறுவனத்தாரிடம் ஒருமுறை கேட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர்க்கு நாம் சொல்வது: படலையில் நின்று குரல் கொடுங்கள். அக்கா, பிள்ளையின் பாடத்துக்குக் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டால் நம் ஊரில் மறுப்பவர் அரிது. பங்குக் கிணற்றுக்கு இறைப்பு முறை வகுத்து, கிணறு தூர்வாரும் செலவையும் பங்கிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, மாதக் கட்டணத்தைப் பங்கிடுவது புதிய கலையன்று. 2025 யூலையில் ஸ்டார்லிங்க் இந்நாட்டில் தொடங்கிய பின்னர் செய்மதித் தட்டு ஒன்றை வீட்டுக் கூரையில் வைப்பது இயலுமாயிற்று. அதன் விலையைத் தனியொரு கமக்காரன் தாங்கமாட்டான். பலர் சேர்ந்தால் தாங்கலாம். அவ்வாறு சேர்ந்து வாங்குவதற்குச் சட்டமும் நிறுவன விதிகளும் வழிவிடவேண்டும் என்பதே நம் வாதம்.

அரசாங்கத்தார்க்குச் சொல்லவேண்டியது வேறு. 2022இல் எரிபொருள் பெறுவதற்குக் கூடக் கைப்பேசியில் வரிக்குறி காட்டவேண்டும் என்று விதித்தவர்கள் அவர்களே. நீர்ப்பம்பிக்கு மண்ணெண்ணெய் தேடிய கமக்காரனையும் படகுக்கு எரிபொருள் தேடிய மீனவனையும் இணையத்தின் வாசலில் நிறுத்தியவர்கள், அந்த வாசலுக்குப் போகும் வழியைத் தீவுகளுக்கு அமைத்தார்களா? நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையோடு இணையாது தனித்தே மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்து வந்தவை. அங்கே கோபுரம் உயிரோடிருப்பதற்கே மின்சாரத்தின் தயவு வேண்டும். 2015இல் பொது இடங்களில் இலவச வைபை என்று தென்னிலங்கையில் எழுந்த ஆரவாரம் குறிகட்டுவான் இறங்குதுறையின் கடலரிப்பைத் தாண்டி வந்ததாக நாம் அறியோம். கடலுக்கு அக்கரையிலுள்ள கேரள அரசு, 2023இல் தன் சொந்த இழைவலையைத் திறந்து, 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காக வைத்தது. அந்த இலக்கை அது எவ்வளவு எட்டியது என்பது வேறு விடயம், இலக்காக வைத்தது.

பாராளுமன்றத்திலுள்ள நம் பிரதிநிதிகள் 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் திருத்தமொன்றைக் கொண்டுவருதல் வேண்டும். பூட்டை உடைத்து நுழைந்தவன் குற்றவாளியாகவே இருக்கட்டும். பூட்டில்லா இணைப்பை, வேண்டாமென்று எவரும் சொல்லாதிருக்க, வேறு தீங்கெதுவும் செய்யாது பயன்படுத்தியவன் மேற் குற்ற வழக்குத் தொடரலாகாது. வேண்டாமென்று சொன்ன பின்னும் தொடர்ந்தால் உரிமையாளர் இழப்பீடு கோரட்டும். கட்டணமின்றி அயலார்க்குக் கொடுத்தவர், அயலார் எழுதிய எழுத்துக்குப் பொறுப்பாகார் என்று ஒரு பிரிவு தெளிவாகச் சேர்க்கப்படவேண்டும். இம்மூன்றையும் தமிழில் எழுதினால் அரைப் பக்கம் வராது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு. 2025 மே மாதத் தேர்தலின் பின் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளிற் புதிய உறுப்பினர் அமர்ந்திருக்கின்றனர். குறிகட்டுவானிலும், நெடுந்தீவு மாவிலித்துறையிலும், தம் நூலகங்களிலும் சபையின் பெயரில் ஒரு பொது இணைப்பை நிறுவி, யாவரும் பயன்படுத்தலாம் என்று மும்மொழியிலும் பலகை எழுதி மாட்டுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. அந்தப் பலகையின் கீழ் நிற்கும் பிள்ளையை, அதிகாரமில்லை என்று அறிந்திருந்தாய் என எந்த வழக்கறிஞரும் கேட்கமுடியாது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கெனத் தொகை ஒதுக்கும் சபை எது, ஒதுக்காத சபை எது என்பதை நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.